கிராம்பு என்றால் முட்டி

அறுபத்து நான்காவது கோப்பைக்கு வந்தபோது மூக்கக்காவின் வலது தோள் அடம்பிடித்தது. கரண்டி நிறையத் தேநீரை அள்ளியாகிவிட்டது. அதை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடங்களாகத் தினம் முந்நூறு தடவை செய்கிற காரியம். ஆனால் கை தாடைக்கு நேரே வந்து அப்படியே நின்றுவிட்டது. தோளுக்குள் சுரீரென்று ஒரு வலி. தேநீர் வெள்ளை அங்கியில் கொட்டியது.

“என்னக்கா ஆச்சு?” என்றார் பக்கத்து வரிசையில் நின்ற ‘கண்ணாடி’ என்கிற சக சுவைஞர்.

“ஒண்ணுமில்ல. சூடு அதிகம்.”

பச்சைப் பொய். கெட்டிலிலிருந்து நேராக ஊற்றினாலும் முகம் சுளிக்காமல் உறிஞ்சுகிறவள் அவள். கண்ணாடிக்கும் அது தெரியும். ஆனால் அவருடைய தடித்த கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் அவளுடைய முகம் அவருக்குத் தெரியவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை பார்வை போய்த் திரும்பி வருவது அவருக்குப் பழக்கம்தான்.

அது ஒரு தேயிலை நிறுவனத்தின் சுவை அறை. நீளமான மேசைகளில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டத்துத் தேயிலை. கரண்டியால் அள்ளி, ‘சர்ர்’ரென்று ஊர் கேட்க உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரம் வைத்த துப்புத் தொட்டியில் துப்பிவிட்டு, குறை நிறையைச் சொல்ல வேண்டும். தொட்டியை முட்டியால் தள்ளிக்கொண்டே அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். இந்த வேலையைச் செய்ய மூன்று பேர். தலைமைச் சுவைஞரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அடுத்தவள் மூக்கக்கா. மூன்றாமவர் கண்ணாடி. தண்ணீர் கொதிக்கவைத்து, கோப்பை கழுவி, இந்த மூன்று பேரின் சண்டையையும் தீர்த்துவைப்பது கெட்டிலம்மா.

பெரியவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருடைய நாற்காலி யாருக்கு என்பதை முடிவுசெய்ய இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பரீட்சை. இருநூறு கோப்பைகள், அவற்றில் ஆறில் மட்டும் குறை. மூக்கக்காவும் கண்ணாடியும் தனித்தனியாகச் சுவைத்து அந்த ஆறையும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நாற்காலி மூக்கக்காவுக்கு வேண்டும். ‘கிடைத்தால் நல்லது’ என்று அடக்க ஒடுக்கமாக இல்லை, ஆசை ஆசையாக, வெட்கமில்லாமல் வேண்டும். ஆனால் அறுபத்து நான்கில் மக்கர் பண்ணுகிற தோளை வைத்துக்கொண்டு இருநூறை எப்படித் தாண்டுவது?

வலி என்றால் தைலம் தேய்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். சுவை அறையின் வாசலில் பெரியவர் தன் கைப்பட எழுதிய பலகை ஒன்று தொங்குகிறது. வாசனைத் திரவியம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், வெங்காயம், பூண்டு, தைலம் எதுவும் இந்த வாசலுக்குள் வரக் கூடாது. ‘தைலம்’ என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. தப்பும் இல்லை. தேயிலையைப் போல அக்கம்பக்கத்து வாசனையை இழுத்து வைத்துக்கொள்கிற சாமான் உலகத்தில் கிடையாது. பக்கத்தில் ஒரு சோப்புக் கட்டியை வைத்தால் போதும், சாயங்காலத்துக்குள் தேயிலை குளித்துவிட்டு வந்திருக்கும்.

அன்று மாலையே மூக்கக்கா மருத்துவமனைக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தாள். எலும்பில் ஒன்றுமில்லை, தசைநார் வீங்கியிருக்கிறது, தோளுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தோளை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கலங்கிய வயிற்றோடு முந்நூறு கோப்பை உறிஞ்ச முடியுமா? மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல், பத்து வருடமாக எந்தப் படியை மிதிக்கக் கூடாது என்று இருந்தாளோ, அந்தப் படியேறினாள்.

அது அவளுடைய நாத்தனாரின் மூலிகைக் கடை. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கணவரின் தங்கை முறைப்படி படித்துப் பட்டம் வாங்கிய வைத்தியர். சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள், நடுவில் ஒரு நீள பெஞ்சு, பெஞ்சில் எப்போதும் யாராவது ஒருவர் காலையோ கையையோ நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரே அவளிடம் எண்ணெய் வாங்கித் தேய்க்கிறது. சொந்த அண்ணி மட்டும் கடை இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வேலை அப்படி என்று அண்ணன் எத்தனை தடவை சொன்னாலும் தங்கைக்கு அது ஆறாத மனக்குறை.

“கடைசியில வந்துட்டீங்க பாத்தீங்களா!” நாத்தனாருக்கு முகமெல்லாம் பல். “உக்காருங்க அண்ணி. எங்க வலி? தோளா? சட்டையைத் தளர்த்துங்க.”

“இரு இரு. வாசனை இல்லாம ஏதாவது குடு.”

கையிலெடுத்த ஜாடியை நாத்தனார் மெல்லக் கீழே வைத்தாள். “வாசனை இல்லாத மூலிகையா? ஈரமில்லாத தண்ணி ரெண்டு குடம் வேணுமா, அதையும் சேத்துக் கட்டித் தரட்டுமா?”

“கிண்டல் பண்ணாதேடி. பரீட்சை இருக்கு.”

“அண்ணி, எங்கிட்ட ஒரு கணக்கு உண்டு. தோளுக்கு நொச்சி, இடுப்புக்கு இஞ்சி, முட்டிக்குக் கிராம்பு. நல்லெண்ணெய், கற்பூரம், புதினா எல்லாத்துக்கும் பொது. கிராம்பு வாசனை வந்தா முட்டி எண்ணெய்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடலாம். இத்தனையும் வாசனைதான். வாசனையை எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு, எண்ணெய்ப் பிசுக்கு!”

ஆனாலும் அண்ணி ஆயிற்றே. யோசித்தாள். முதலில் ஆமணக்கு இலையை வாட்டிக் கட்டினாள். மறுநாள் காலை மூக்கக்கா தன் தோளை மோந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி குளித்தாள். அடுத்து இஞ்சி அரைத்துப் பற்றுப் போட்டாள். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரான கணவர், “வீட்டுல ஏதோ விசேஷமா சமைக்கறாங்கன்னு ஓடி வந்தேன்,” என்று ஏமாந்த முகத்தோடு சமையலறையிலிருந்து திரும்பினார். மூன்றாவதாக நாத்தனார் ஒரு களிம்பு கொண்டுவந்தாள். மிளகாய்ச் சத்து இறக்கியது. வாசனை துளிகூட இல்லை.

“தடவினதும் கையை நல்லாக் கழுவிடுங்க. கண்ணைத் தொட்டுடாதீங்க,” என்று பத்து தடவை சொன்னாள்.

மூக்கக்கா கையை மூன்று தடவை கழுவினாள். கண்ணைத் தொடவேயில்லை. ஆனால் சுவைஞர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரண்டி துடைக்கிற துணியை வலது தோளில் போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே கரண்டியை அதில் ஒரு இழுப்பு இழுத்தால்தான் அவர்களுக்குக் கை ஓடும். அன்றைக்குக் களிம்பு சட்டையைத் தாண்டி, அங்கியைத் தாண்டி, மெல்லத் துணிக்கு வந்து சேர்ந்தது. துணியிலிருந்து கரண்டிக்கு, கரண்டியிலிருந்து நாக்குக்கு. பத்தாவது கோப்பையிலேயே நாக்கு சுறுசுறுவென்றது. இது என்ன அபூர்வமான தேயிலை என்று அவள் வியந்துபோனாள். ‘துடிப்பானது’ என்று எழுதினாள். அடுத்ததும் துடிப்பானது. அதற்கடுத்தது மிகத் துடிப்பானது, நாவில் நிற்கிறது.

“அக்கா,” என்றார் கண்ணாடி, அவளுடைய தாளைக் கண்ணோடு ஒட்டவைத்துப் படித்துவிட்டு. “முப்பத்தேழாவது கோப்பை ஆலையில கூட்டித் தள்ளின தூளாச்சே. அதுவுமா துடிக்குது?”

மூக்கக்கா துணியை முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. நுனி நாக்கால் தொட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைய அறிக்கையை முழுக்க அடித்து மறுபடி எழுதினாள். காரணம் கேட்ட பெரியவரிடம் ஜலதோஷம் என்றாள். பொய்க் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

“அப்படின்னா உப்புதான்,” என்றாள் நாத்தனார், இழவுச் செய்தி சொல்கிற குரலில். “கல்லுப்பை வெறும் சட்டியில வறுத்து, துணியில முடிஞ்சு, காலையில சாயங்காலம் ஒத்தடம். அதோட சுவத்துல விரலை நடத்தணும். நின்னுக்கிட்டு, ரெண்டு விரலை எறும்பு ஊர்ற மாதிரி மேல மேல கொண்டு போங்க. வலிக்கிற இடத்துல நிறுத்துங்க. ஆறு வருஷம் படிச்சேன் அண்ணி. நூத்திநாப்பது மூலிகை எனக்கு அத்துப்படி. உங்களுக்கு நான் குடுக்கறது உப்பு.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் உப்பு வேலை செய்தது. விரல் எட்டிய இடத்திலெல்லாம் கணவர் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். முதல் நாள் காதுக்கு நேர். மூன்றாம் நாள் அரை அங்குலம் மேலே. ஐந்தாம் நாள் இரண்டு அங்குலம். “இதே வேகத்துல போனா அடுத்த வருஷம் விட்டத்தைத் தொட்டுடலாம்,” என்றார். சுவை அறையில் இப்போது நூறு கோப்பை வரை தோள் தாங்கியது. நூறுக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து, இருபது. இருநூறு இன்னும் எட்டாத தூரம்தான்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தக் கடிதம் வந்தது. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், போன வாரம் இங்கிருந்து அனுப்பிய தேயிலை மாதிரிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். கூடவே ஒரே ஒரு வரி: ‘இந்தத் தேயிலை குடிப்பதற்கா, முதுகில் தேய்ப்பதற்கா?’

பெரியவரின் முகம் கறுத்துவிட்டது. திரும்பி வந்த டப்பாக்களையும், அவற்றோடு அலமாரியில் பக்கத்தில் இருந்த டப்பாக்களையும் உடனே ஊற்றச் சொன்னார். அவையெல்லாம் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்த்தட்டில் இருந்தவை. பத்துக் கோப்பை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். பெரியவர் முதல் கோப்பையை உறிஞ்சினார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை உறிஞ்சினார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி ஒரு வாய் எடுத்ததுமே தொட்டிக்கு ஓடினார்.

“தைலம் ஐயா! சுத்தமான தைலம்!”

“ஆமா,” என்றார் பெரியவர். “தைலம்தான். நானும் பாத்தேன்.”

கொஞ்சம் தாமதமாகச் சொன்னார். மூக்கக்கா அதைக் கவனித்தாள். ஆனால் யோசிக்க நேரமில்லை. பெரியவர் அவள் பக்கம் திரும்பிவிட்டார்.

“இந்த அறையில தைலத்தோட சொந்தபந்தம் யாருக்கும்மா இருக்கு? உன் நாத்தனாருக்குத்தானே கடை? பத்து நாளா உன் தோள் சரியில்லைன்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இது யாரால வந்ததுன்னு தெரியற வரைக்கும் சனிக்கிழமை பரீட்சையில நீ உக்கார வேண்டாம்.”

இருபத்திரண்டு வருடம் பூ வாசனைச் சோப்பைக்கூடத் தொடாமல் குளித்தவள் மூக்கக்கா. கணவர் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த அத்தரை மூடி திறக்காமல் பரணில் போட்டவள். ஆத்திரத்தில் அவளும் ஒரு கரண்டி அள்ளி உறிஞ்சினாள். நூறு கோப்பை தாண்டிய பிறகும் பிசகாத மூக்கு, தன் வேலையைத் தானே செய்தது. நல்லெண்ணெய். கற்பூரம். புதினா. நாத்தனாரின் கைப்பக்குவமேதான், சந்தேகமில்லை. நொச்சி இல்லை. இஞ்சி இல்லை. கடைசியில், நாக்கின் ஓரத்தில், சின்னதாக ஒரு குறுகுறுப்பு.

கிராம்பு.

கிராம்பு என்றால் முட்டி. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். பெரியவரின் நாற்காலி. அதை ஒட்டிய கீழ்த்தட்டு. அவர் அங்கே உட்கார்ந்து டப்பாக்களைத் திறக்கும்போது தட்டுக்கும் அவருடைய வலது முட்டிக்கும் நாலு விரல்கடை தூரம்தான். முப்பத்தைந்து வருடங்களாகத் துப்புத் தொட்டியைத் தள்ளித் தள்ளித் தேய்ந்த முட்டி.

அங்கேயே சொல்லியிருக்கலாம். கண்ணாடி இருந்தார், கெட்டிலம்மா இருந்தாள், ஒரே வார்த்தையில் அவள் மேல் விழுந்த பழி போயிருக்கும். வாய்வரை வந்தது. அப்போதுதான் பெரியவர் அதே கோப்பையை மூன்றாம் தடவையாக உறிஞ்சிப் பார்ப்பதைக் கண்டாள். அந்தக் கோப்பையில் அவருக்கு எதுவுமே தெரியவில்லை என்பது அவளுக்குச் சட்டென்று புரிந்தது. கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கரைந்துபோனது. மீதிப் பாதியை அவள் விழுங்கிக்கொண்டாள்.

“ஐயா, ரெண்டு நிமிஷம் உள்ள வரீங்களா?”

மாதிரிகள் வைக்கும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். எனக்குத் தோள்வலி. மறைச்சேன். ஆனா எண்ணெய் ஒரு சொட்டுத் தொடலை. மிளகாய்க் களிம்பு தடவினேன், இப்ப உப்பு ஒத்தடம்.”

“மிளகாயா?” பெரியவர் புருவத்தைச் சுருக்கினார். “அன்னிக்குத் தூளுக்குப் போய் ‘மிகத் துடிப்பானது’ன்னு எழுதினியே…”

“அது மிளகாய்தாங்கய்யா.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார்.

“உங்களுக்கு முட்டி வலிக்குதா ஐயா?”

சிரிப்பு போயே போய்விட்டது. “உன் நாத்தனார் சொன்னாளா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாளே!”

“அவ வாயே திறக்கலை. கிராம்புதான் சொல்லுச்சு.”

பெரியவர் பக்கத்திலிருந்த தேயிலைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். “படுக்கறப்ப தேய்க்கறேம்மா. காலையில மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவறேன். நானே குனிஞ்சு மோந்து பாத்துட்டுத்தான் கிளம்பறேன். வாசனை இல்ல. சத்தியமா இல்ல.” குரல் இறங்கியது. “அந்தக் கோப்பையிலயும் எனக்கு ஒண்ணும் வரலை. கண்ணாடி சொன்ன பிறகுதான் ஆமான்னேன். மூக்கு போயிடுச்சும்மா. முப்பத்தஞ்சு வருஷம் சோறு போட்ட மூக்கு. அந்த பயத்துலதான் உன்மேல பாஞ்சுட்டேன்.”

இப்படி ஒரு மனிதர் உடைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மூக்கக்காவால் முடியாது. “கண்ணை மூடுங்க ஐயா,” என்றாள்.

“எதுக்கு?”

“மூடுங்களேன்.”

மூடினார். அவள் ஒரு டப்பாவைத் திறந்து அவருடைய மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

“மலைத் தேயிலை. மழைக்கு முன்னாடி பறிச்சது,” என்றார்.

அடுத்தது. “காயவைக்கிறப்ப தூங்கிட்டாங்க. கருகல்.”

அடுத்தது. “இது போன வருஷத்துச் சரக்கு. மூடி சரியா மூடலை.”

அடுத்து மூக்கக்கா டப்பா எதையும் எடுக்கவில்லை. தன் உள்ளங்கையை நீட்டினாள்.

“சோப்பு. வாசனையில்லாத சோப்புன்னு சொல்லி வித்திருப்பான். ஓரத்துல எலுமிச்சை இருக்கு, ஏமாத்துக்காரன்.” கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“மூக்கு கல்லு மாதிரி இருக்கு ஐயா. அந்த எண்ணெய் மட்டும் உங்களுக்குப் பழகிப்போச்சு. தினம் உங்க கூடவே தூங்கி எழுந்திரிக்குது. எங்க வீட்டு வாசனை எனக்குத் தெரியுமா? வர்றவங்களுக்குத்தான் தெரியும்.”

பெரியவர் தேயிலைப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூச்சுவிடுகிற மாதிரி, அப்புறம் தோள் குலுங்க, அப்புறம் கண்ணில் தண்ணீர் வர. கதவுக்கு வெளியே காதை வைத்திருந்த கெட்டிலம்மா பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“எல்லாரையும் கூப்பிடு,” என்றார் பெரியவர். மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். “தைலம் என் முட்டியில இருக்கு. இவமேல பழி போட்டேன், தப்பு. சனிக்கிழமை இவ உக்காருவா.”

கண்ணாடிதான் தொண்டையைச் செருமினார். “சொல்றதுன்னு வந்தாச்சு… எனக்கு ஒரு வருஷமா கழுத்து திரும்பலை ஐயா. நான் பேசறவங்களை நேரா பாக்காததுக்குத் திமிருன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கீங்க.”

“திமிருன்னுதான் நினைச்சோம்,” என்றாள் கெட்டிலம்மா. “என் மணிக்கட்டு என்ன பாவம் பண்ணுச்சு? அதைக் கேக்க ஆளே இல்லையா? ஒரு நாளைக்கு எத்தனை கெட்டில் தூக்கறேன்!”

ஆக, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் நாலு பேரும் வலியை மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அதுவும் எதை விழுங்கினாலும் கண்டுபிடித்துவிடுகிற அறையில்! கெட்டிலம்மா அன்றே வீட்டிலிருந்து இரண்டு கிலோ கல்லுப்பு கொண்டுவந்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை இருநூறு கோப்பைகள் நான்கு வரிசையாக நின்றன. நிறுவனத்து மேலாளர்கள் இருவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கெட்டில் மூடிமேல் இரண்டு உப்பு முடிச்சுகள் சூடாகிக்கொண்டிருந்தன. ஐம்பது கோப்பைக்கு ஒருமுறை நிறுத்தி ஒத்தடம் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். ஒளிக்க வேண்டியதில்லை என்று ஆனதே மூக்கக்காவுக்குப் பாதி வலியைக் குறைத்துவிட்டது. பயத்தில் தோளை இறுக்கிக்கொண்டு நிற்பதும் வலிக்கு ஒரு காரணம் என்று நாத்தனார் சொன்னது எவ்வளவு உண்மை!

ஐம்பது. ஒத்தடம். நூறு. ஒத்தடம். அதற்குள் மூன்று குறைகளை எழுதியிருந்தாள். நூற்றைம்பதில் நாலு. ஐந்தாவதை நூற்றறுபதில் பிடித்தாள். நூற்று அறுபத்து நான்காவது கோப்பையில் கை மறுபடி தாடைக்கு நேரே நின்றுவிட்டது. அதே இடம், அதே சுரீர். மேலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கெட்டிலம்மா,” என்றாள் மூக்கக்கா, சத்தமாகவே. “கொஞ்சம் வைங்க.”

கெட்டிலம்மா ஓடிவந்து முடிச்சைத் தோளில் வைத்து அழுத்தினாள். “எனக்கும் ஒண்ணு கழுத்துல வைங்க,” என்று அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடி குரல் கொடுத்தார். அறையே சிரித்தது. சூடு எலும்புவரை இறங்கியது. மூக்கக்கா அவசரப்படாமல் நூறு எண்ணினாள். பிறகு கரண்டியை எடுத்தாள். கை தாடையைத் தாண்டியது.

நூற்று எழுபத்தொன்றாவது கோப்பை நல்ல நிறம், நல்ல மணம், எல்லாம் சரி. ஆனால் அடியில் மெல்லிசாகத் தகர வாடை. துருப்பிடித்த டப்பா. ஆறாவது குறை.

தாள்களைப் பெரியவர் படித்தார். கண்ணாடி ஐந்து. மூக்கக்கா ஆறு. கண்ணாடிதான் முதலில் ஓடிவந்து அவளுடைய கையைக் குலுக்கினார். வலது கையைப் பிடிக்கப் போய், ஞாபகம் வந்து, இடது கையைப் பிடித்துக்கொண்டார். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். கணவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர், “சுவத்துல எங்க கோடு போடறது?” என்றார்.

அன்று மதியம், டப்பாக்களையெல்லாம் மூடி உள்ளறையில் பூட்டி, ஜன்னல்களைத் திறந்து வைத்த பிறகு, மூக்கக்கா நாத்தனாரைச் சுவை அறைக்கே வரவழைத்தாள். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசிக் கோப்பைக்குப் பிறகு எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம், ஞாயிறு விடுமுறை, திங்கள் காலைக்குள் வாசனை போயிருக்கும் என்பது அவளுடைய முதல் உத்தரவு. நாத்தனார் நாலு ஜாடியோடு வந்து இறங்கினாள். எல்லோரையும் விட்டுவிட்டு நேராக அண்ணியிடம் போனாள்.

“பத்து வருஷம் அண்ணி,” என்று சொல்லிக்கொண்டே நொச்சி எண்ணெயைச் சூடுபறக்கத் தேய்த்தாள். கட்டைவிரல் போகிற இடமெல்லாம் முடிச்சு அவிழ்ந்தது. மூக்கக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லணும்.”

மூக்கக்கா நீளமாக மூச்சை இழுத்தாள். “நிறம் பொன். முதல்ல கற்பூரம் வந்து கதவைத் தட்டுது. நடுவுல நொச்சி, அடக்கமா. முடிவு நீளம், கசப்பு இல்ல. குறை எதுவும் இல்ல. முதல் தரம்.”

நாத்தனாரின் கை நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணி. கடையில மாட்டணும்.” சுவரோரம் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் காத்திருந்த பெரியவர், “எனக்குக் கிராம்பைக் குறைச்சுப் போடும்மா,” என்றார்.

இரண்டாவது உத்தரவு வாசல் பலகையில் ஏறியது. தன் வாசனை தனக்குத் தெரியாது. ஆகவே உள்ளே போகுமுன் ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரை மோந்து பார்க்க வேண்டும்.

திங்கள் காலை நாலு பேரும் வாசலில் நின்றார்கள். கெட்டிலம்மாவைக் கண்ணாடி மோந்தார். கண்ணாடியைக் கெட்டிலம்மா மோந்து, “சுத்தம், போ,” என்று முதுகில் தட்டினாள். பெரியவர் முட்டியை முன்னால் நீட்டினார். மூக்கக்கா குனிந்தாள்.

“கிராம்பு ஐயா. லேசா.”

“இருக்கா!” என்று அவர் ஏதோ பரிசு கிடைத்தது போலக் குழாயடிக்குப் போய், நாலாவது தடவையாகக் கழுவிவிட்டு வந்தார். இப்போது இல்லை. உள்ளே காலெடுத்து வைக்கப் போனவரை மூக்கக்கா நிறுத்தினாள்.

“நீங்க என்னைப் பாக்கலையே ஐயா.”

“உன்னையா? நீ சுத்தமாத்தானே இருப்பே.”

“இருப்பேன். நேத்தும் தேய்ச்சேன், ஆனா காலையில ரெண்டு தடவை குளிச்சேன். நானே மோந்து பாத்தேன். ஒண்ணுமே இல்ல. இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.”

பெரியவர் அவளுடைய தோள் பக்கம் மூக்கைக் கொண்டுபோனார். கண்ணை மூடினார். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“நொச்சி!” என்று வாசலே அதிரக் கத்தினார். “நொச்சி இருக்கும்மா! நல்லாவே இருக்கு! எனக்கு வருது!”

மூக்கக்கா தன் தோளை இழுத்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. மறுபடி முகர்ந்தாள். சுத்தமாக ஒன்றுமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே புதிய தலைமைச் சுவைஞர் குழாயடிக்கு நடந்தாள். வலது கையை ஆட்டி அவர்களை உள்ளே போகச் சொன்னாள். கை தலைக்கு மேலே போயிருந்தது.